எத்தனாவது பாடத்தில் பேசுவான்?

செந்தில் கண்ணா,

நேற்று நீ போனில் கேட்டதற்கு "யோசிச்சு சொல்றேம்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். யோசிக்க அதில் ஒன்றும் இல்லை, பதில் அப்போதே என்னிடம் இருந்தது. ஆனால் தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் பேசினால் குரல் கம்மிவிடுகிறது. சொல்ல வேண்டியதோ நாலு வாக்கியத்தில் அடங்காது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா தறியிலிருந்து எட்டிப் பார்த்து, "தை மாசம் கல்யாணத்துக்கு வரப்போற புள்ளைக்கு இப்ப எதுக்குமா லெட்டர்? வந்தா பேசிக்கலாமே" என்றார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பிடித்து உட்கார வைத்துப் பேச எந்த அம்மாவுக்கு நேரம் கிடைத்திருக்கிறது?

இனி நம் தமிழ்ப் பாடங்களை விற்றுத் தர விண்ணப்பிக்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து அனுமதிக்க நேரமில்லை, கேட்கிற எல்லோருக்கும் கம்ப்யூட்டரே அனுமதி கொடுத்துவிடட்டும் என்கிறாராம் பெங்களூரில் உன்னோடு தொழிலில் சேர்ந்திருப்பவர். அவர் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டு, "பாடத்துல இருக்குறது உன் குரல். நீ என்னம்மா சொல்ற?" என்றாய். நீ கேட்ட விதத்திலேயே தெரிந்தது, அவருக்கு என்ன பதில் சொல்வதென்று உனக்கே பிடிபடவில்லை. இதை அவருக்கும் படித்துக் காட்டு. அவருக்கு நம் வீட்டுக் கதை தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஏனாத்தூர் கல்லூரியில் படிப்பை முடித்து நீ சென்னையில் வேலைக்குச் சேர்ந்த சமயம். தினம் ரயிலில் போய் ரயிலில் திரும்புவாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவிலிருந்து அத்தை கூப்பிட்டு, போனைத் தன் பெண்ணிடம் கொடுத்தாள். அப்பா ஆசையாக "சாப்டியாம்மா?" என்று கேட்டார். அந்தக் குழந்தைக்குப் புரியவில்லை. அப்பா மறுபடியும் கேட்டார். அவள் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டு அப்பா தறிக்குப் போய்விட்டார். அன்று சாயங்காலமே நீ என்னிடம் வந்து, "அம்மா, நீ ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்களுக்கு எப்படிச் சொல்லித் தருவியோ அப்படியே பேசு. நான் ரெக்கார்டு பண்றேன்" என்றாய். நான் பணி ஓய்வு பெற்ற புதிது. வகுப்பறை இல்லாத காலையில் என்ன செய்வதென்று தெரியாமல் அரிசியில் இல்லாத கல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் பிள்ளையார்பாளையத்தில் எங்கே உட்கார்ந்து பதிவு செய்வது? நம் வீட்டில் ஒரு தறி, பக்கத்து வீட்டில் ரெண்டு, எதிர் வீட்டில் மூன்று. 'காக்கா' என்று நான் சொல்லி முடிப்பதற்குள் 'டக் டக்' என்று பத்துக் காக்கா கொத்தின மாதிரிச் சத்தம். தறி ஓடாத அமாவாசை அன்று முயற்சி செய்தோம். அன்றைக்கென்று தெருவில் எல்லோரும் வீட்டில் இருந்து சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருத்தியின் வீடு திருப்பருத்திக்குன்றத்தில் இருக்கிறதே, அந்த மாடி அறையைக் கேட்டு வாங்கினோம். ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி, விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்கப் பேசினேன். கீழே அந்த அம்மா குக்கர் வைத்தால் விசில் வருவதற்கு முன் ஒரு குரல் கொடுப்பாள். நாம் நிறுத்திக்கொள்வோம். ஆறேழு மாதம் ஞாயிறு தவறாமல் போய்வந்தோம். பாடங்களைக் கேட்டுக்கொண்டே பார்க்கப் படங்களும் வரைய வைத்தாய். பணம் கட்டினால் உலகத்தில் எங்கிருந்தும் இறக்கிக்கொள்கிற மாதிரி வலைத்தளம் செய்தாய். உதவி வேண்டுமென்றால் கூப்பிட நம் வீட்டு போன் நம்பரையே அதில் போட்டாய்.

அதன்பின் யாரும் வரவில்லை. கடை திறந்தால் தெருவில் போகிறவன் ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பான். இண்டர்நெட்டில் அதுவும் இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்போது நீ சொன்ன வார்த்தைதான் 'அஃபிலியேட்'. வெளிநாட்டுத் தமிழர்கள் படிக்கிற ப்ளாக்குகளும் வலைத்தளங்களும் எத்தனையோ இருக்கின்றன, அதை நடத்துகிறவர்கள் நம் பாடத்தைப் பற்றி எழுதுவார்கள், அவர்கள் மூலமாக யாராவது வாங்கினால் அவர்களுக்கு ஒரு பங்கு என்று விளக்கினாய். அப்பா பாவு நூலைச் சரிசெய்துகொண்டே கேட்டார்: "கோயில் வாசல்ல நின்னுக்கினு, பஸ்ல வர்றவங்களப் பட்டுப்புடவைக் கடைக்கு இட்டுக்கினு போறாங்களே, அவங்கதானேப்பா?" நீ கொஞ்சம் கோபப்பட்டாய். பிறகு நீயே சிரித்துவிட்டு, "அவங்கதாம்பா" என்றாய். "அப்ப ஆளப் பாத்து வெச்சிக்க. கடைக்குள்ள வர்றதுக்கு முன்னாடி அவன் இன்னா சொல்லி இட்டுக்கினு வந்தான்னு கடக்காரனுக்குத் தெரியாது. வாங்குனவங்க வந்து சண்ட போடறப்பதான் தெரியும்" என்றார் அப்பா.

நீ அதை மனசில் வைத்துக்கொண்டாய் என்று நினைக்கிறேன். விண்ணப்பங்கள் வர ஆரம்பித்ததும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எனக்குப் படித்துக் காட்டுவாய். முடி வளரத் தைலம் விற்கிற ஒருத்தர் கேட்டிருந்தார். சினிமா கிசுகிசு எழுதுகிறவர் ஒருத்தர். தன் வலைத்தளத்துக்கு வருகிற கூட்டத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்த ஒருவருடைய தளத்தைத் திறந்தால், பழைய வீட்டு மனை விளம்பரம் ஒன்றைத் தவிர எதுவுமே இல்லை. நீ ஒவ்வொருவருடைய தளத்தையும் திறந்து, அவர்கள் வேறு எதையெல்லாம் நல்லது என்று எழுதியிருக்கிறார்கள், அதை நிஜமாகவே உபயோகித்துவிட்டு எழுதினார்களா என்று தேடிப் படிப்பாய். தேறினவர்களுக்கு முதல் இரண்டு பாடங்களை இலவசமாக அனுப்பி, "கேட்டுவிட்டு இதில் உங்களுக்குப் பிடிக்காதது என்ன என்று எழுதுங்கள்" என்று கேட்பாய். பாதிப் பேர் அத்தோடு காணாமல் போய்விடுவார்கள். மலேசியாவில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர், என் 'ழ' சில இடத்தில் 'ள' மாதிரிக் கேட்கிறது என்று எழுதினார். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. நீ மேஜையைத் தட்டி, "இவர்தாம்மா வேணும்!" என்றாய். அந்தப் பாடத்தை மறுபடியும் பதிவு செய்தோம்.

பிரகாஷிடம் மட்டும் நீ எதுவும் கேட்கவில்லை. ஏன் கேட்கப் போகிறாய்? கல்லூரியில் உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வந்து, பாதி நாள் மதியம் நம் வீட்டில் சாப்பிட்டவன். எனக்கும் அவன் பிள்ளை மாதிரிதான். தன் கையாலேயே வலைத்தளங்கள் செய்து, கூகுளில் தேடுகிறவர்கள் முதலில் தன் பக்கத்துக்கு வருகிற மாதிரிச் செய்யும் வித்தை அவனுக்கு வந்தது. "மச்சான், உன் பாடத்த எங்கிட்ட வுடு" என்றான். நீ விட்டாய். அடுத்த மாதத்திலிருந்து மற்ற எல்லோரும் சேர்ந்து கொண்டுவந்ததைவிட அவன் ஒருத்தன் கொண்டுவந்தது அதிகம். நீ சென்னை வேலையை விட்டுவிட்டு இதையே முழுநேரமாகச் செய்யலாம் என்று பேச ஆரம்பித்தாய். பிரகாஷ் ஒரு பெட்டி பால்கோவாவோடு வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். "அம்மா, லண்டன்ல உங்க குரலக் கேக்குறாங்க!" என்று அவன் சொன்னபோது எனக்கு இருந்த பெருமையை மறைக்கப் போவதில்லை.

ஒரு புதன்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா தறியில் உட்கார்ந்துவிட்டார். போன் அடித்தது. ஒரு பெண் குரல், மெதுவாக, தயங்கித் தயங்கி. பெயர் கல்பனா, சேலத்துப் பெண், லண்டனுக்குப் பக்கத்தில் ஏதோ ஊரில் இருக்கிறாள். வாங்கினவர்கள் சந்தேகம் கேட்க அவ்வப்போது கூப்பிடுவார்கள் என்பதால் நானும் உற்சாகமாகத்தான் பேசினேன்.

"டீச்சர், பாடத்துல பேசுறது நீங்கதானா?"

"நானேதாம்மா. புள்ள கேக்குறானா?"

"தினம் கேக்குறான் டீச்சர். பதினாலாவது பாடம் வரைக்கும் வந்துட்டோம்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "எத்தனாவது பாடத்துல பேசுவான்?"

தமிழில் பேசுவதைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். அவசரப்படக் கூடாது, வீட்டில் நீங்களும் தமிழிலேயே பேசுங்கள், இங்கிலீஷ் பேசுகிற குழந்தை என்றால் கொஞ்ச நாள் ஆகும் என்று எப்போதும் சொல்வதைச் சொல்லிக்கொண்டே போனேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும், "இங்கிலீஷும் பேச மாட்டான் டீச்சர்" என்றாள். "எதுவுமே பேச மாட்டான். நாலு வயசு முடியப் போகுது."

அப்பாவைப் பார்த்துத் தறியை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினேன். டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். காட்டுவதற்குத் தேதி வாங்கியிருந்தார்களாம். அந்த ஊரில் குழந்தையின் பேச்சைச் சோதிக்கிற இடத்தில் ஒரு தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். அந்தத் தேதி போன வாரம்தான் வந்ததாம். இவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

"ஏம்மா?"

"அந்த வெப்சைட்ல போட்டிருந்தாங்களே டீச்சர். பேசாத குழந்தைங்களும் இந்தப் பாடத்தக் கேட்டா பேசுவாங்கன்னு. ரெண்டு பாஷை கலந்து கேக்குறதாலதான் சில குழந்தைங்க பேசாம இருக்காங்க, தாய்மொழியில ஆரம்பிச்சா தானா வந்துடும்னு. நீங்க குழந்தைப் பேச்சு நிபுணர்னு போட்டிருந்துச்சு."

செந்தில், முப்பது வருஷத்துக்கு மேல் ஒண்ணாங்கிளாஸ் நடத்தினவள் நான். எழுத்துச் சொல்லித் தருவேன், மூக்கைச் சிந்திவிடுவேன், அழுகிற பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டே கரும்பலகையில் எழுதுவேன். நிபுணர் என்று என்னை யாரும் சொன்னதில்லை. அந்தப் பெண் அந்தப் பக்கம் என் பதிலுக்காகக் காத்திருக்கிறாள். நான் சொல்லப்போகிற ஒரு நம்பருக்காகக் காத்திருக்கிறாள், இருபதாவது பாடம், முப்பதாவது பாடம் என்று.

"கல்பனா, நான் சாதாரண ஸ்கூல் டீச்சர்மா" என்றேன். "பேசுற புள்ளைக்குத்தான் எனக்குத் தமிழ் சொல்லித் தரத் தெரியும். பேசாத புள்ளைய ஏன்னு பாக்க டாக்டருக்குத்தான் தெரியும். போன வெச்சதும் அங்க கூப்பிடு. தப்பா சொல்லிட்டேன், மறுபடியும் தேதி குடுங்கன்னு கேளு. வெக்கப்படாத. கெஞ்சணும்னாலும் கெஞ்சு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். "அப்ப இந்தப் பாடம்...?" என்று மட்டும் கேட்டாள். "இது அதுக்கு மருந்து இல்லம்மா" என்றேன். அவள் போனை வைத்த பிறகு, அப்பா வந்து என் கையிலிருந்த ரிசீவரை வாங்கி ஒழுங்காக வைத்தார்.

சாயங்காலம் நீ ரயிலிறங்கி வந்ததும் உனக்குக் காபி கூடக் கொடுக்காமல் இதைச் சொன்னேன். நீ ஷூவைக் கழற்றாமலே கம்ப்யூட்டரைத் திறந்து, கல்பனா பிரகாஷ் மூலமாக வந்தவள் என்று பார்த்துவிட்டு அவனுடைய வலைப்பக்கத்துக்குப் போனாய். இத்தனை நாள் அவன் அனுப்புகிற ஆர்டர்களைத்தான் பார்த்திருந்தாய், அந்தப் பக்கத்தை ஒருநாளும் முழுசாகப் படித்ததில்லை. 'என் மகன் மூன்று வயதுவரை பேசவில்லை, இருபதே நாளில் அம்மா என்றான்' என்று ஒரு தாய் சொன்னதாகப் போட்டிருந்தது. அப்படி ஒரு தாய் நம்மிடம் எதையும் வாங்கியதே இல்லை. பக்கத்தில் என் போட்டோ. திருப்பருத்திக்குன்றத்து மாடியில் நீ எடுத்தது. அதன்கீழே அந்தப் பட்டம். அப்பா பின்னால் வந்து நின்று பார்த்து முதலில், "நிபுணரு, சோத்தப் போடுமா" என்று சிரித்தார். உன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பிரகாஷை வீட்டுக்கு வரச் சொன்னாய். அவனுக்காக நான் வடை சுட்டு வைத்திருந்தேன். ஏன் சுட்டேன் என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. நல்லபடியாக முடிந்துவிடும் என்று ஒரு நப்பாசை. நீ குரலை உயர்த்தாமல் நடந்ததைச் சொன்னாய். அவன், "எல்லாரும் இப்டித்தாண்டா எழுதறாங்க. சும்மா 'நல்ல பாடம், வாங்குங்க'ன்னு போட்டா எவன் கிளிக் பண்ணுவான்?" என்றான்.

"அந்தம்மா டாக்டரக் கான்சல் பண்ணிட்டாங்கடா."

"அது தப்புதான். அவங்களுக்குப் பணத்தத் திருப்பிக் குடுத்துடலாம். என் பங்குலருந்தே குடுத்துடு."

"பணத்தக் குடுத்துடலாம். அந்தத் தேதிய எங்கேருந்துடா எடுத்துக் குடுப்ப?"

அவன் என்னைப் பார்த்தான். "அம்மா, நீங்களாச்சும் சொல்லுங்கம்மா. நான் கெட்டது செய்யணும்னு செய்யல. தங்கச்சி கல்யாணத்துக்குன்னு ஓடிக்கினு இருக்குறேன். இவனுக்கும்தானே நல்லது நடந்துது?" அவன் பொய் சொல்லவில்லை. அவன் அப்பாவுக்கு அரிசி மில்லில் வேலை போய் வெகு நாளாயிற்று என்று எனக்குத் தெரியும். வார்த்தையை மாற்றி எழுதச் சொல்லி ஒரு வாய்ப்புக் கொடுக்கலாமே என்று உன்னிடம் சொல்ல வாயெடுத்தேன். நீ அதற்குள், "பக்கத்த எடுத்துடுடா. இன்னைக்கே. உன் கணக்கையும் மூடிட்டேன்" என்றாய். உன் குரல் உடைந்ததை நான் கேட்டேன், அவனும் கேட்டிருப்பான். வடையைத் தொடாமல் எழுந்து போனான். அவன் பைக் தெருமுனை திரும்புகிற வரைக்கும் நீ வாசலில் நின்றாய்.

அதற்குப் பிறகு நீ செய்ததை உன் கூட்டாளி கவனமாகக் கேட்கட்டும். பிரகாஷ் மூலமாக வாங்கிய அத்தனை பேருக்கும் நீ எழுதினாய். இந்தப் பாடம் என்ன செய்யும், என்ன செய்யாது, உங்களிடம் தவறாகச் சொல்லப்பட்டிருக்கிறது, உங்கள் குழந்தை எந்த மொழியிலும் பேசவில்லையென்றால் தயவுசெய்து மருத்துவரைப் பாருங்கள், பணம் வேண்டும் என்பவர்களுக்குக் காரணம் கேட்காமல் திருப்பித் தருகிறோம் என்று. அனுப்புவதற்கு முன் என்னிடம் படித்துக் காட்டினாய். பலர் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கல்பனா மாதிரியே இன்னும் இரண்டு தாய்மார்கள் இருந்தார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பதில்களைப் படித்த நாளில் நீ சாப்பிடவில்லை. வேலையை விடுகிற பேச்சு நின்றுபோயிற்று. அதே காலை ரயில், ராத்திரி வீடு. போன் அடிப்பதும் குறைந்துபோயிற்று.

கல்பனா மட்டும் கூப்பிட்டாள். யாரோ வர முடியாமல் போன ஒரு தேதி அவளுக்குக் கிடைத்துவிட்டதாம். காது நன்றாகக் கேட்கிறது என்றார்களாம். பிள்ளைக்கு இருப்பதற்கு ஒரு பெயர் சொன்னார்களாம். அதை இங்கே எழுதப் போவதில்லை, அது அந்தக் குழந்தையின் சொந்த விஷயம். பயிற்சி ஆரம்பித்துவிட்டார்கள், நாளாகும் என்றாள். "பணத்த ஏம்மா திருப்பி வாங்கிக்கல?" என்று கேட்டேன். "நீங்க பேச ஆரம்பிச்சதும் எங்க இருந்தாலும் ஓடி வந்து ஸ்பீக்கர் பக்கத்துல உக்காந்துக்கிறான் டீச்சர். இந்த வீட்டுல வேற எதுக்கும் அவன் தானா வர்றதில்ல" என்றாள். அன்றைக்கு அழுதது நான்தான்.

ஒரு வருஷம் போலப் போயிருக்கும். நீ மேஜையில் உட்கார்ந்து அன்று வந்த விண்ணப்பத்தைப் படிக்க ஆரம்பித்துவிட்டு நிறுத்தினாய். கல்பனாவின் விண்ணப்பம். தன் பிள்ளையைப் பற்றி அவள் ஒரு ப்ளாக் எழுதிக்கொண்டிருக்கிறாள், அதில் நம் பாடத்தைப் பற்றியும் எழுத அனுமதி கேட்டிருந்தாள். உடனே 'சரி' என்று போட்டுவிடுவாய் என்று நினைத்தேன். நீ போடவில்லை. மற்றவர்களிடம் கேட்பதையே அவளிடமும் கேட்டாய், பிடிக்காதது என்ன என்று. அவள் அனுப்பிய பதிலை நீ படித்துக் காட்டினது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: 'இந்தப் பாடம் என் மகனைப் பேச வைக்கவில்லை. வைக்கும் என்று நம்பி நான் ஏமாந்தேன். படங்கள் சின்னதாக இருக்கின்றன. பாட்டு இன்னும் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் இதில் பேசுகிற டீச்சர் அவசரப்படுவதே இல்லை. பதிலுக்காக அவர் காத்திருக்கிற அந்த இடைவெளியில் என் மகன் ஸ்பீக்கரைப் பார்த்துச் சிரிக்கிறான். அதற்காக மட்டும் வாங்குகிறவர்கள் வாங்கலாம்.' நீ அனுமதி கொடுத்துவிட்டு, "இதுல ஒரு எழுத்தக்கூட மாத்த வேணாம்னு எழுதிட்டேம்மா" என்றாய்.

அவள் எழுதினதைப் படித்து வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் வந்தவர்கள் யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. அவர்கள் தங்கள் சிநேகிதிகளிடம் சொன்னார்கள். அவர்களில் சிலர் தாங்களே எழுத அனுமதி கேட்டார்கள். நீ சென்னை வேலையை விட்டது அதற்குப் பிறகுதான், பெங்களூர் அதற்கும் பிறகு. உன் கூட்டாளி பணத்தோடு வந்து சேர்ந்தபோது அவர் பார்த்தது இப்படி வளர்ந்த ஒன்றைத்தான். வளர்ந்ததற்குக் காரணம் அவருக்குத் தெரிய நியாயமில்லை.

இனிமேல்தான் உனக்குத் தெரியாதது. போன வாரம் பிரகாஷ் வீட்டுக்கு வந்தான். உன் கல்யாணப் பத்திரிகை அவனுக்கும் அனுப்பியிருக்கிறாயே, அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். உள்ளே கூப்பிட்டேன். அவன் தங்கைக்குக் கல்யாணமாகிவிட்டது, அவனுக்கும் ஆகிவிட்டது, ஒரு பெண் குழந்தை. வாலாஜாபாத்திலேயே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறான். என் குரலைக் கேட்டு அதிர்ந்துபோனான். "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டான், ஆபரேஷனைச் சொன்னேன். பிறகு, தன் வலைத்தளங்களில் மறுபடியும் நம் பாடத்தைப் போட ஆசை என்றான். நான், "அவங்கிட்ட நான் சொல்றேம்பா, நீ கேட்டா வேணாங்கவா போறான்?" என்றேன்.

"வேணாம்மா, நீங்க சொல்லாதீங்க" என்றான். "போன தடவ அவன் எங்கிட்ட ஒண்ணுமே கேக்கல. நானும் கேக்க மாட்டான்னுதான் இஷ்டத்துக்கு எழுதினேன். இந்தத் தடவ எல்லாரும் மாதிரி நானும் அப்ளை பண்றேன். எல்லாரையும் கேக்கறத எங்கிட்டயும் கேக்கட்டும். வேணாம்னு தோணுச்சுன்னா வேணாம்னு சொல்லட்டும். கல்யாணத்துக்கு நான் எப்டியும் வருவேன்."

அந்தப் பையன் இப்படி நினைத்துக்கொண்டிருக்கிறான். நீயோ கம்ப்யூட்டரே எல்லோருக்கும் அனுமதி கொடுக்கட்டுமா என்று என்னிடம் கேட்கிறாய். பார்க்காமலே 'சரி' என்று சொல்வது தாராளம் இல்லை, கண்ணா. நீ யாரோ, எதையோ எழுதிக்கொள், எனக்கென்ன என்று சொல்வதுதான் அது. உன் பெயரை எடுத்துக்கொண்டு ஒருத்தர் இன்னொருத்தர் வீட்டுக் கதவைத் தட்டப் போகிறார். கதவைத் திறக்கிற இடத்தில் தூக்கமில்லாத ஒரு அம்மா நிற்கலாம். அவளிடம் இவர் என்ன சொல்லப் போகிறார் என்று ஒரு நிமிஷம் உட்கார்ந்து கேட்பதற்கு நேரமில்லையென்றால் அந்தத் தொழில் அவ்வளவு வேகமாக வளர வேண்டாம். அனுமதி கொடுத்த பிறகும் அவ்வப்போது போய் அவர்கள் எழுதியதை முழுசாகப் படிக்க வேண்டும். முதலில் நல்லவிதமாக எழுதுகிறவர்களுக்கும் பிறகு பொய் கலக்கத் தோன்றலாம். இதையும் உன் கூட்டாளியிடம் சொல்.

அவருக்கு நேரமில்லை என்பது உண்மையாக இருக்கலாம். உனக்கும் கல்யாண வேலை. நான் சும்மாதான் இருக்கிறேன். பேசத்தான் முடியாது, படிக்க முடியும். பெரிய தெருவில் இருக்கிற பிரவுசிங் சென்டரில் ஒரு பெண் எனக்கு ஈமெயில் திறந்து கொடுத்திருக்கிறாள், தமிழில் டைப் அடிக்கவும் பழகிவிட்டேன். ஒண்ணாங்கிளாசில் நாற்பது சிலேட்டை மாலை மணி அடிப்பதற்குள் திருத்திக் கொடுத்தவள் நான், இது எனக்கொரு பாரமில்லை. விண்ணப்பங்களை எனக்கு அனுப்பு. ஒவ்வொருவர் எழுதுவதையும் படித்துவிட்டு எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். முடிவு உன்னுடையதாகவே இருக்கட்டும். சந்தேகமாக இருக்கிற இடத்தில் நானே அவர்களுக்கு எழுதிக் கேட்கிறேன். டீச்சர் கேட்டால் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்.

பிரகாஷ் தன் விண்ணப்பத்தை நேற்றே அனுப்பிவிட்டதாகக் காலையில் போன் செய்து சொன்னான். அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

உன் அம்மா